ரப்பர் படகுக்கு மின் மோட்டர்: முதலில் பற்றரியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொல்கொடை ஏரியிலும் நீர்கொழும்புக் களப்பிலும் ஓட்டவென்று ரப்பர் படகுக்கு மின் மோட்டர் தேடுபவர்கள், விளம்பரத்தில் உள்ள பெரிய இலக்கத்தைப் பார்த்தே காசைக் கொடுத்துவிடுகிறார்கள். '55 இறாத்தல்' என்பது தள்ளுவிசை, குதிரைவலு அல்ல. அத்தகைய மோட்டர் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 50 அம்பியர், அதாவது 600 வாட் இழுக்கும். ஒரு குதிரைவலு 746 வாட்.

ஆனாலும் ஒன்பதடிப் படகுக்கு அது தாராளம். 45 கிலோ எடைக்கு 2 இறாத்தல் தள்ளுவிசை என்பது பொதுக் கணக்கு. படகு, மூன்று பேர், பற்றரி எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்றால் 14 இறாத்தல் போதும் என்று வரும். அது அசையாத தண்ணீருக்கு. காற்றடைத்த படகு நீருக்கு மேலே உப்பி மிதப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் பக்கவாட்டில் இழுபடும். 40 இறாத்தலுக்குக் கீழே வாங்க வேண்டாம்.

காசு போகவேண்டிய இடம் பற்றரி. வாகனத்தைக் கிளப்பும் பற்றரி இதற்கு உதவாது. அதன் தட்டுகள் மெல்லியவை. அடியோடு வடிய விட்டால் சீக்கிரமே செத்துவிடும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியிலும் பாதியைத்தான் எடுக்கலாம். முழு வேகத்தில் முக்கால் மணித்தியாலம்கூடச் சந்தேகம். அதே அளவு லித்தியம் பொஸ்பேற் பற்றரி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், எடையும் பாதிதான். விலையைக் கேட்டால் தலை சுற்றும். கரைக்கும் வீட்டுக்கும் தூக்கிச் சுமப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வேகத்தை ஐந்து படிகளாக மாற்றும் மோட்டர்கள் பலவற்றில் வேகம் குறைவது தடைக்கம்பிச் சுருளால். மிச்சமாகும் மின்சாரத்தில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போய்விடும். கைபிடியைத் திருப்பி வேகத்தைப் படிப்படியின்றி மாற்றும் இலத்திரனியல் வகையில் அரை வேகத்துக்கு இறங்கினாலே பற்றரி பல மடங்கு நேரம் நிற்கும்.

ஓட்டுபவரும் மோட்டரும் பின்னால் இருப்பதால் பற்றரியை முன்னால் வைத்தால்தான் படகு சமநிலையில் நிற்கும். அப்போது வயர் நீளும். 6 சதுர மில்லிமீற்றர் வயர் 50 அம்பியரில் சூடாகி, மோட்டருக்குப் போகும் வோல்ட்டையும் தின்னும், 16 போடுங்கள். பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே 60 அம்பியர் பிரேக்கர் வேண்டும். கையால் இறுக்கும் காது நட்டு அதிர்வில் தளர்ந்து முனையை உருக்கிவிடும். வயர் நுனியில் லக் எனும் உலோக வளையத்தை அழுத்திப் பூட்டி, ஸ்பானரால் இறுக்குவதே சரி.

பாணந்துறைப் பக்கம் ஏரிக்குள் கடல்நீர் ஏறுகிறது. நன்னீருக்கு மட்டும் எனக் குறித்த மோட்டர் அங்கே அரித்துப்போகும். உப்பு நீருக்கான மோட்டர் என்றாலும் அரிப்பைத் தான் ஏற்று மோட்டரைக் காக்கும் துத்தநாகக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, நல்ல தண்ணீரால் கழுவித்தான் வைக்க வேண்டும். புரொப்பெல்லரையும் இடைக்கிடை கழற்றிப் பாருங்கள். தூண்டில் நைலோன் அதன் பின்னே சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்தால் மோட்டருக்குள் தண்ணீர் போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது.

வெள்ள நிவாரணத்துக்கு இதை வாங்க எண்ணும் சங்கங்களுக்கும் ஒரு சொல். கொலன்னாவை ஒழுங்கைகளில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு இந்த மோட்டர் சரி. பெருக்கெடுத்த களனி ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து ஏற முடியாது. அங்கே பெற்றோல் இயந்திரம்தான். இரண்டு இடத்துக்கும் துடுப்பு கட்டாயம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06