தேசிக்காய்ச் சோடாவுக்கு நாட்கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலேயே இயற்கையாகப் புளிக்கவைத்து நுரைக்கும் தேசிக்காய்ப் பானம் தயாரிக்கும் குறிப்புகள் நமது பத்திரிகைகளின் சமையல் பக்கங்களில் வெளிவருவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் நான் வாசித்தவற்றுள் பல, "மூன்று நாள் வெளியே வையுங்கள்" என்ற குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே தருவதால், கொழும்பில் அதைப் பின்பற்றுவோருக்கு ஆபத்து நேரலாம்.

கடந்த சித்திரையில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டில், அத்தகைய குறிப்பொன்றை நம்பிச் சதுரக் கண்ணாடிப் போத்தலில் நிறைத்து இறுக மூடிவைத்த பானம், இரண்டாம் நாள் பின்னேரமே வெடித்தது. அந்நேரம் சமையலறையில் ஒருவரும் இல்லாதது எங்கள் நல்லகாலம். திறந்திருந்த அரிசி வாளிக்குள்ளும் கண்ணாடித் துண்டுகள் கிடந்ததால், அரிசி முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. இப்பானத்தில் சேர்க்கும் இஞ்சியின் தோலில் இயல்பாகவே இருக்கும் மதுவம் (ஈஸ்ற்) சீனியை உண்டு காபனீரொட்சைட்டையும் சிறிதளவு மதுசாரத்தையும் உண்டாக்குகிறது. அப்ப மாவைக் கள்ளு விட்டுப் பொங்கவைக்கும்போது நடப்பதும் இதுவே. 20 பாகை செல்சியஸில் நிதானமாக நடக்கும் இவ்வேலை, நமது 30 பாகை வெப்பத்தில் மிக விரைவாக நடந்து, மூடிய போத்தலுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். கொதித்தாறிய ஒரு குவளை நீரில், கழுவிய உள்ளூர் இஞ்சியைத் தோலுடன் துருவி ஒரு தேக்கரண்டியும் சீனி ஒரு தேக்கரண்டியும் நாள்தோறும் சேர்த்து, மெல்லிய துணியால் மூடிவைத்தால், நாலாம் நாளளவில் குமிழிகள் சிறு ஓசையுடன் மேலெழும். பின்னர் ஒரு லீற்றர் நீரைக் குழாய்நீரின் குளோரீன் நீங்கக் கொதிக்கவைத்து, 80 கிராம் சீனியைக் கரைத்து, முற்றாக ஆறியபின் நான்கு தேசிக்காயின் சாற்றையும் வடித்த இஞ்சிநீர் கால் குவளையையும் சேர்க்கிறேன். சூடு ஆறுமுன் இஞ்சிநீரை ஊற்றினால் மதுவம் இறந்துவிடும்.

போத்தல்தான் முக்கியம். அழுத்தத்தைத் தாங்கவென்றே செய்யப்பட்ட பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் மூன்று விரல் இடம்விட்டு நிரப்பி, அவ்வப்போது பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்; அது கல்லுப்போல இறுகியதும், மூடியைச் சற்றுத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். எனது சமையலறையில் இதற்கு ஒரு நாளே போதுகிறது. பின்லாந்தில் மே முதலாந் திகதிக்குத் தயாரிக்கும் 'சிமா' என்னும் எலுமிச்சைப் பானத்தில் சில உலர்ந்த முந்திரிகைகளை (திராட்சை வற்றலை) போடுவார்கள். குமிழிகள் ஒட்டி அவை மேலே மிதந்தால் பானம் தயார் என்பது அவர்களின் கணக்கு. நானும் அப்படியே போடுகிறேன், நாட்களை எண்ணுவதைவிட அது நம்பகமானது. குளிர் புளிப்பதை மெதுவாக்குமேயன்றி நிறுத்தாது என்பதால், மூன்று நான்கு நாட்களுக்குள் குடித்து முடிக்கிறோம்.

நீரிழிவு உள்ளவர்கள் இதை மருந்துபோல எண்ணக்கூடாது. ஒரு நாளில் மதுவம் உண்பது சீனியின் ஒரு பங்கை மட்டுமே. 100 மில்லிலீற்றருக்கு 8 கிராம் என்பது பானங்களின் சீனி அளவைக் காட்ட 2016 முதல் இங்கு நடைமுறையிலுள்ள நிறக் குறியீட்டின்படி செம்மஞ்சள் வகையாகும்.

இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது நம் வெப்பநிலைக்கேற்ற நேரத்தையும், பயன்படுத்த வேண்டிய போத்தலின் வகையையும், பானத்தில் சிறிதளவு மதுசாரம் இருக்கும் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களை வேண்டுகிறேன். எங்கள் மாடியில் முஸ்லிம் குடும்பங்களும் வாழ்கின்றன. முன்கூட்டியே சொல்லாமல் ஒரு குவளையை அவர்களிடம் நீட்டுவது சரியல்ல. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்காமல் விடுவதே நல்லது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொழும்பு 06