எதிர்ப்பாற்றலும் ஆறாத அழற்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கிக்கொண்டால் புற்றுநோய் அண்டாது என்ற பொருளில் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. திசுக்களைப் பரிசோதித்து நோயைக் கண்டறியும் நோய்க்குறியியல் துறையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அக்கூற்றில் பாதிதான் உண்மை என்பதையும், விடுபட்ட மறுபாதியை அறியாமலேயே பலர் காலம் கடந்து சிகிச்சைக்கு வருகிறார்கள் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எதிர்ப்பாற்றல் நம்மைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது.

ஆனால் அழற்சியும் அதே எதிர்ப்பாற்றலின் செயல்தான் என்பதைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. விரலில் வெட்டுப்பட்டால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறுகிறது. அங்கே திரளும் வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்ல வீரியமிக்க ஆக்சிஜன் சேர்மங்களை உமிழ்கின்றன. செல்கள் பெருகவும் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவும் சமிக்ஞைகள் அனுப்புகின்றன. புண் ஆறியதும் இவையெல்லாம் அடங்கிவிட வேண்டும். காரணம் நீங்காமல் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால், கிருமியைக் கொல்லும் அதே சேர்மங்கள் நமது செல்களின் டி.என்.ஏ.வையும் சிதைக்கின்றன, பழுதான செல் மடிந்துபோகாமல் பெருகுவதற்கு, புண்ணை ஆற்ற வந்த சமிக்ஞைகளே துணைபோகின்றன. புற்றுத் திசுக்களுக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதை ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1863-லேயே கவனித்து, அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்க வேண்டும் என்று கருதினார். புற்றுக்கட்டி என்பது ஆறாத புண் என்று 1986-ல் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஹரால்ட் டுவோராக் எழுதியதை, திசுத் துண்டுகள் பதித்த கண்ணாடி ஸ்லைடுகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா தங்கியவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆயினும் சிலருக்கு அழற்சி பல்லாண்டுகள் நீடித்து, உட்சுவர் மெலிந்து, இரைப்பைச் செல்கள் இருக்க வேண்டிய இடத்தில் குடற்செல்களைப் போன்றவை தோன்றுகின்றன. ஒரே ஸ்லைடில் ஒரு முனையில் அழற்சியும், நடுவில் இந்த உருமாற்றமும், மறுமுனையில் புற்றுநோயும் இருப்பதை நுண்ணோக்கியில் பலமுறை கண்டிருக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை 1994-லேயே புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இன்னொரு காட்சியும் உண்டு. கட்டியின் விளிம்பில், வெள்ளையணுக்களில் ஒரு வகையான நிணநீர்ச் செல்கள் நீலப் புள்ளிகளாக அடர்ந்து நிற்கும். உள்ளே ஒன்றுகூட நுழைந்திருக்காது. சில கட்டிகளில் உள்ளே நுழைந்தவையும் செயலற்றுக் கிடக்கும். இத்தகைய செல்களைத் தடுத்து நிறுத்தும் பிரேக்குகளைக் கண்டறிந்து, அவற்றை விடுவித்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சையளிக்க வழிகாட்டியதற்காகவே ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த மருந்துகளால் சிலர் வியக்கத்தக்க அளவில் தேறுகிறார்கள். வேறு சிலருக்கு, கட்டவிழ்ந்த எதிர்ப்பாற்றல் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும் தாக்கிவிடுகிறது. எதிர்ப்பாற்றல் எவ்வளவு கூடினாலும் நல்லதே என்று எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியின் பெயரால் விற்கப்படும் பொடிகளும் மாத்திரைகளும் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. அழற்சியைத் தணிப்பதாக எண்ணி வலி மாத்திரைகளைத் தாமாகவே நாள்தோறும் உட்கொள்வதும் இரைப்பையில் இரத்தக்கசிவுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் இடமளிக்கும்.

பழைய தீக்காயத் தழும்பில் உண்டான புண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் களிம்பு மட்டுமே தடவி வந்த ஒருவரின் திசு எனது பரிசோதனைக்கு வந்தபோது, அது புற்றாக மாறியிருந்தது. அவரும் தமக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, அதனால்தான் புண் ஆறவில்லை என்றே நம்பியிருந்தார். ஆறாத புண், நாட்பட்ட இரைப்பை அழற்சி, பெருங்குடல் அழற்சி ஆகியவற்றை எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும், கல்லீரலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்குத் தடுப்பூசி இருப்பதையும் விளக்கி, அதே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர்