மோகனுக்கு, வெள்ளவத்தையிலிருந்து

மச்சான் மோகன்,

எட்டு மாசமா ஒரு வரியும் எழுதேல்ல, கோவிக்காத. இங்க எல்லாரும் சுகம், அம்மாவின்ர கண் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது, சின்னவள் ஏஎல் படிக்கிறாள். விசயம் வேற.

பல்லு அடைச்சது கழண்டுபோச்செண்டு காலி ரோட்டில ஒரு பல் டொக்டரிட்டப் போனனான். அந்தப் பிள்ளை வாய்க்குள்ள லைட்டடிச்சுப் பாத்திட்டு, "அங்கிள், நீங்க குறட்டை விடுறனீங்களா?" எண்டு கேக்குது. கையில கண்ணாடியைத் தந்து நாக்கை நீட்டச் சொல்லிச்சு, நாக்கின்ர ஓரமெல்லாம் பல்லுத் தடம், பல்லுக்கொழுக்கட்டை விளிம்பு மாதிரி. கடவாய்ப்பல்லும் தேஞ்சு தட்டையாக் கிடக்கு. இதுகளை மட்டும் வச்சுச் சொல்லேலாது, ஆனா நித்திரையைச் சோதிக்கத்தான் வேணும் எண்டுது.

வீட்ட வந்து சொன்னா மனுசி அழத் தொடங்கீட்டாள். ரெண்டு வருசமா ராவில எனக்கு மூச்சு நிண்டு நிண்டு வருதாம், அவள் போனைப் பாத்து செக்கன் எண்ணிக்கொண்டு கிடப்பாளாம், ஒருக்கா 30 மட்டும் எண்ணினவளாம், நான் பயந்திடுவன் எண்டு சொல்லேல்லையாம். எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்ல மச்சான்.

ஸ்லீப் ஸ்டடியில பாத்தா மணித்தியாலத்துக்கு 22 தரம் மூச்சு அடைபடுது. 15 தாண்டினால் நடுத்தரமாம், 30க்கு மேல கடுமையாம். நித்திரையில தொண்டைத் தசை தளர்ந்து நாக்குப் பின்னுக்கு விழுந்து காத்துப் போற வழியை அடைக்குது. முதல் சீபாப் மெசின் தந்தினம், மாஸ்க்கால காத்தை அடிச்சுத் தொண்டையைத் திறந்து வச்சிருக்கிற மெசின், உன்ர தம்பி இருக்கிற சிட்னியிலதான் 1980ல கண்டுபிடிச்சவையாம். கடுமையான ஆக்களுக்கு அதுதான் முதல் வைத்தியம், ஆனா எனக்கு மாஸ்க்கோட கண் மூடவே ஏலேல்ல.

திருப்பி அந்தப் பிள்ளையிட்டயே அனுப்பினவை. அச்செடுத்து மேலுக்கும் கீழுக்கும் தட்டுச் செய்து தந்துது, படுக்கேக்க போட்டால் கீழ்த்தாடையை முன்னுக்குப் பிடிச்சிருக்கும், நாக்கும் கூடவே வரும், தொண்டை திறந்து நிக்கும். பக்கத்தில ஒரு சின்ன ஸ்க்ரூ, கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாத் திருகி மில்லிமீட்டர் கணக்கில தாடையை நகர்த்திறது. முதல் கிழமை தலகாணி நனைய வீணி, விடிய எழும்பினா தாடை உளைவு, பல்லு ஒண்டோடொண்டு பொருந்தாது, தேத்தண்ணி குடிச்சு முடியச் சரியாகும். நாள்போக்கில பல்லுக்கடி மாறலாம் எண்டு அடிக்கடி வந்து காட்டச் சொல்லியிருக்கு. குறட்டை நிண்டாலும் மூச்சடைப்பு நிக்காமல் இருக்கலாமாம், அதால தட்டைப் போட்டுக்கொண்டு இன்னொருக்கா ஸ்டடி செய்தது, 6க்கு இறங்கீட்டுது! மனுசி இப்ப விடியும்வரை படுக்கிறாள்.

இனி உன்ர கதை. நிலாவெளியில தங்கின நேரம் உன்ர குறட்டை தாங்கேலாமல் நாங்கள் அஞ்சு பேரும் பாயைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினதைச் சொல்லி இண்டைக்கும் சிரிக்கிறம், ஆனா இடையில ஒரு சத்தமுமில்லாமல் கிடந்து பிறகு திணறி எழும்பினியே, அதை நான் மறக்கேல்ல. பிறஷர் குளிசையைக் கூட்டினதெண்டாய், பகலில கதிரையில இருந்தபடியே கண் சொருகுதெண்டாய், இதோட ராவில வவுனியாவிலயிருந்து கொழும்புக்கு வான் ஓடுறாய். எனக்கு நினைக்கவே நெஞ்சு பதறுது. கடையில விக்கிற, சுடுதண்ணியில போட்டு இளக்கிக் கடிச்சு அச்செடுக்கிற தட்டு ஒண்டும் வாங்காத, முதல்ல சோதினை, பிறகு தட்டோ மெசினோ டொக்டர் சொல்லட்டும்.

வாற மாசம் வானை விட்டிட்டு ரெயினில வா. கோட்டை ஸ்டேசனில வந்து நிக்கிறன், நானே கூட்டிக்கொண்டு போறன்.

உன்ர,
சிவா