33-வது படம்

வாஷிங்டன்,
ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வம் எழுதுவது. "உயிரோடுதான் இருக்கியா" என்று சின்னவளை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். இருக்கிறேன் அம்மா. வேலை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

குளிரில் காது மடல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. மேல்வீட்டுக் கறுப்பினப் பாட்டி ஞாயிறுதோறும் கீரை தருவார். அதில் பன்றிக்கறி கிடக்கும். அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

போன சனிக்கிழமை பாட்டி என்னை ஃபிலிப்ஸ் கலெக்‌ஷன் என்ற அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஜேக்கப் லாரன்ஸ் என்ற கறுப்பின ஓவியர் 1940-41இல் வரைந்த 60 படங்களில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை அங்கேதான் இருக்கின்றன. அமெரிக்காவின் தெற்கே அடியும் கொலையும் பொறுக்காமல் அவருடைய மக்கள் ரயிலேறி வடக்கே வந்த கதை. முடித்தபோது அவருக்கு வயது 23. ஒரு நிறத்தை எடுத்தால் 60 பலகையிலும் பூசிவிட்டுத்தான் அடுத்த நிறமாம். அப்பா பண்ணையார் வீட்டு மாடுகளுக்குக் கொம்பு தீட்டும்போது, எல்லாவற்றுக்கும் நீலம் முடித்த பிறகுதானே சிவப்பு டப்பாவைத் திறப்பார்!

49-வது படத்தில் வடக்கே ஒரு ஹோட்டல். நடுவில் மஞ்சள் கயிறு. ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பர். நம்ம ஊர் டீக்கடையில் அப்பாவுக்கு இருந்த தனி கிளாஸைப் பற்றிப் பாட்டியிடம் சொன்னேன். "யார் கழுவுவார்கள்?" என்று கேட்டார். அப்பாதான் என்றேன்.

33-வதில், வடக்கே நிலைமை நல்லபடி இருக்கிறது என்று போனவர்கள் எழுதிய கடிதம் ஊருக்கு வருகிறது. பாட்டி சிரித்துவிட்டார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் எழுதினாராம், ஒரே அறையில் ஏழு பேரோடு படுத்துக்கொண்டு. எங்கள் அறை விசாலமானது அம்மா. ஐந்து பேர்தான்.

நேற்று ராத்திரி யாரோ வெங்காயம் வதக்கிய வாசனைக்குத் தூக்கத்தில் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவன் எழுந்து தண்ணீர் கொடுத்தான்.

சரி, வீட்டு விஷயம். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். சங்கத்துக் கடனுக்கு மாமாவிடம் சொல்லிச் சமாளியுங்கள். வந்ததும் முதலில் சின்னவள் காலேஜ் ஃபீஸ், அப்புறம்தான் ஓடு மாற்றுவது. பண்ணையார் மகன் வரப்பைத் தள்ளிப் போட்டதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். தாலுகா ஆபீஸில் அளக்கச் சொல்லி மனு கொடுங்கள். பட்டா டிரங்குப் பெட்டியில், அப்பாவின் வேட்டிக்கு அடியில் இருக்கிறது.

அன்புடன்,
செல்வம்