மோட்டாரின் திறன் என்ன? கலைச்சொல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். தமிழ்வழியில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர் எழுதும் மடல் இது. 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே உங்கள் கலைச்சொல் தொகுதியில் உள்ள வரி உங்களுக்குத் தெரிந்ததே: திறன், ஆற்றல், சக்தி, வலிமை, அதிகாரம், அடுக்கு. சொற்களுக்கு நடுவே காற்புள்ளிகள் இருக்கின்றன. எந்தச் சொல் எந்தத் துறைக்குரியது என்ற குறிப்பு மட்டும் இல்லை. இதைப் பற்றி ஆசிரியர்கள் பலர் உங்களுக்கு எழுதியிருக்கிறோம். இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுத வைத்தது, அண்மையில் என் மாணவர்கள் எழுதிய ஒரு தேர்வு.

இருமொழி வினாத்தாள். அதன் தமிழ்ப் பகுதியில் ஒரு வினா இப்படி இருந்தது: 'ஒரு மின்மோட்டாரின் உள்ளீட்டுத் திறன் 2 கிலோவாட். வெளியீட்டுத் திறன் 1.6 கிலோவாட். மோட்டாரின் திறன் என்ன?' விடைகளாக அலகு குறிக்காமல் நான்கு எண்கள்: 0.4, 0.8, 1.25, 1.6. என் மாணவி ஒருத்தி 1.6 என்று குறித்தாள். மதிப்பெண் கிடைக்கவில்லை. ஆங்கில வினாவின் கடைசி வாக்கியத்தில் இருந்த சொல் 'எஃபிஷியன்சி', அதாவது பயனுறுதிறன்: உள்ளிட்டதில் எத்தனை பங்கு வெளியே கிடைக்கிறது என்பது. 1.6-ஐ 2-ஆல் வகுத்து 0.8 என்று எழுதியிருக்க வேண்டும். தமிழ் வினாவில் அந்தச் சொல் வெறும் 'திறன்' ஆகிவிட்டது. முதல் இரண்டு வாக்கியங்களில் 'பவர்' என்ற பொருளில் வந்த அதே திறன்.

அவள் விடையை இன்னொரு முறை பாருங்கள். மோட்டாரின் திறன் என்று தொழிலில் சொல்வது, அதன் தண்டில் கிடைக்கும் வெளியீட்டுத் திறனைத்தான். மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டில் பொறிப்பதும் அந்த எண்ணையே. ஆக, தமிழில் கேட்ட கேள்விக்கு அவள் எழுதிய விடை சரி. இயற்பியலும் சரி, தமிழும் சரி. பயனுறுதிறன் கணக்குகளை வகுப்பில் முதலில் முடிப்பவள் அவள். அந்தச் சொல்லைப் பார்த்திருந்தால் நொடியில் போட்டிருப்பாள்.

முறையிட்டோம். வினாத்தாளின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்த விதியைச் சுட்டிக்காட்டிப் பதில் வந்தது: மொழிபெயர்ப்பில் ஐயம் ஏற்பட்டால் ஆங்கில வடிவமே இறுதியானது. தமிழில் படித்து, தமிழில் புரிந்துகொண்டு, தமிழை நம்பி விடையெழுதிய பிள்ளைக்கு, நீ ஆங்கிலத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அவளுக்கு ஐயம் ஏற்படவே இல்லை என்பதை யாரும் கருதவில்லை. வாக்கியம் தெளிவாக இருந்தது. தெளிவான வாக்கியத்தைப் படித்துவிட்டு எதற்காகப் பக்கத்துப் பத்தியைப் பார்க்கப் போகிறாள்? இரண்டு பத்தியையும் ஒப்பிட்டுப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் தெரிந்தவர்கள் தப்பித்துவிட்டார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் தோற்றார்கள். இந்த விதி யாரைத் தண்டிக்கிறது என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்த்தவரை நான் குறை சொல்லப் போவதில்லை. அவர் உங்கள் தொகுதியைத்தான் புரட்டியிருக்கிறார். அதில் 'எஃபிஷியன்சி'க்கு முதல் சொல் திறன். 'பவர்'க்கும் முதல் சொல் திறன். 'கெப்பாசிட்டி'க்கும், 'ஸ்கில்'லுக்கும் அதுவே. நான்கு கதவுகளுக்கும் ஒரே எண்ணை எழுதி வைத்துவிட்டு, தவறான வீட்டுக்குப் போனவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே என் கோரிக்கை: 'பவர்' என்ற பதிவைத் துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு துறைக்கும் ஒரே சொல்லை உறுதிசெய்து, அதனுடன் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் அச்சிடுங்கள்.

ஆங்கிலத்திலேயே அது பல பொருள் ஒரு சொல்தானே, தமிழில் மட்டும் எப்படிப் பிரிப்பது என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். 'இயலுதல்' என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. இயலும் என்பது எதற்கெல்லாம் பொருந்துமோ அங்கெல்லாம் பரவியது. அரசன் ஆணையிட இயன்றால் அது பவர்; இயந்திரம் சுமை தூக்க இயன்றாலும் பவர். கணிதத்தில் அது நுழைந்த வழி இன்னும் பழையது. கிரேக்கர்கள் ஓர் எண்ணின் வர்க்கத்தை 'டைனமிஸ்' என்றார்கள். பழங்காலக் கணித அறிஞர் டயோஃபான்டஸ் வர்க்கத்தைக் குறிக்க ஆண்டதும் அந்தச் சொல்லையே. அதற்கு வலிமை என்றுதான் பொருள். டைனமோ, டைனமைட் எல்லாம் அந்த வேரில் வந்தவை. அது இலத்தீனில் பெயர்ந்து, பிறகு ஆங்கிலத்தில் 'பவர்' ஆயிற்று.

ஆங்கிலம் தன் வரலாற்றால் சுமக்கும் இந்தப் பாரத்தைத் தமிழ் ஏன் சுமக்க வேண்டும்? நாம் பெரும்பகுதியை ஏற்கெனவே இறக்கி வைத்துவிட்டோம். கணிதத்தில் 'அடுக்கு' என்கிறோம்: 2-இன் மூன்றாம் அடுக்கு 8. ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கி அடுக்குவது சொல்லிலேயே தெரிகிறது. ஆங்கிலச் சொல்லில் அது தெரியாது. ஒரு கணத்தின் எல்லா உட்கணங்களும் சேர்ந்த கணத்தை 'அடுக்குக் கணம்' என்கிறோம். ஒரு கணத்தில் n உறுப்புகள் இருந்தால் அதில் 2-இன் n-ஆம் அடுக்கு உட்கணங்கள். ஆட்சியியலில் 'அதிகாரம்'. உலக அரங்கில் 'வல்லரசு'. மனத்துக்கு 'உறுதி'. எட்மண்ட் கார்ட்ரைட் 1785-இல் காப்புரிமை பெற்ற 'பவர் லூம்' தமிழுக்கு வந்தபோது 'விசைத்தறி' ஆயிற்று. கைத்தறிக்கு எதிர்நிலையில் என்ன பொருத்தமான சொல்! இயற்பியலில் விசை வேறு என்றாலும் விசைத்தறி என்று கேட்டு யாரும் குழம்புவதில்லை. விசைப்படகும் அப்படியே. நிலைத்துவிட்ட இத்தகைய சொற்களை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. குழப்பம் இல்லாத இடத்தில் கை வைக்க வேண்டாம்.

குழப்பம் இருப்பது இயற்பியலிலும் அதைச் சுற்றியுள்ள துறைகளிலும். ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நான் வகுப்பில் படிக்கட்டைக் காட்டுவேன். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 3 மீட்டர் உயரம் ஏறினால் செய்யும் வேலை 1,764 ஜூல். ஓடி ஏறினாலும் நடந்து ஏறினாலும் இது மாறாது. வேலையைக் காலத்தால் வகுத்தால் வருவது திறன்: 6 விநாடியில் ஏறினால் 294 வாட். 12 விநாடியில் ஏறினால் 147 வாட். வேலை ஒன்றுதான், காலம் இரட்டிப்பு, திறன் பாதி. இதைப் புரிந்துகொண்ட பிள்ளையின் கையில், 'பவர்' என்றால் ஆற்றல், சக்தி, திறன் என்று மூன்றையும் ஒரே வரியில் போட்ட உங்கள் தொகுதி கிடைக்கிறது. கற்பித்ததை அந்த ஒரு வரி அழித்துவிடுகிறது.

இதன் விளைவை நாளிதழ்களிலும் பார்க்கலாம். ஒரு மின்நிலையம் 'நாளொன்றுக்கு 500 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும்' என்று செய்தி வருகிறது. வாட் என்பதே விநாடிக்கு ஒரு ஜூல். காலம் அதற்குள்ளேயே இருக்கிறது. நாளொன்றுக்கு என்று சொல்ல வேண்டுமானால் மெகாவாட் மணி என்று எழுத வேண்டும். 100 வாட் விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் செலவாவது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். கட்டண ரசீதில் யூனிட் என்று எழுதியிருப்பது இந்த ஆற்றலைத்தான். மின்சாரம் நின்றுபோனால் அதற்கு 'மின்தடை' என்று செய்தி. பாடநூலில் மின்தடை என்றால் ஓம் என்ற அலகில் அளப்பது. 'மின்வெட்டு' என்ற அருமையான சொல் கையில் இருக்கும்போது இது எதற்கு?

ஒளியியலில் லென்சின் 'பவர்' இருக்கிறது. குவியத் தொலைவை மீட்டரில் எடுத்து, ஒன்றை அதனால் வகுத்தால் வருவது, அலகு டையாப்டர். +2 டையாப்டர் லென்சின் குவியத் தொலைவு 50 சென்டிமீட்டர். இங்கே வேலையும் இல்லை, காலமும் இல்லை, வாட்டும் இல்லை. ஆனாலும் லென்சின் திறன் என்றே எழுதுகிறோம். இதற்கு ஏன் வாட் வரவில்லை என்று மாணவர்கள் கேட்கும்போது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால் நமக்கும் ஒரே சொல் என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை. புள்ளியியலில் இன்னொன்று: உண்மையில் இருக்கும் விளைவை ஓர் ஆய்வு கண்டுபிடிப்பதற்கான நிகழ்தகவு. மருத்துவ ஆய்வுகளை வடிவமைக்கும்போது அது 80 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதை 'மருந்தின் சக்தி 80 விழுக்காடு' என்று பெயர்த்த கட்டுரை ஒன்றை நான் படித்திருக்கிறேன். அந்த மருந்து நூற்றில் எண்பது பேரைக் குணமாக்கும் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். உடல்நலம் தொடர்பான செய்தியில் இது சிறு பிழையாகாது.

பேசாமல் 'பவர்' என்றே தமிழில் எழுதிவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். கடன்சொற்கள் மேல் எனக்குப் பகை கிடையாது. வாட்டும் ஜூலும் கடன்சொற்களே. ஆனால் 'பவர்' இங்கே வந்து புதிய பொருள்களையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. மாத்திரையில் மருந்தின் அளவு கூடினால் பவர் கூடிய மாத்திரை என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல். கண்ணாடிக்குப் பவர், பதவியில் இருப்பவருக்குப் பவர், சுவரில் உள்ள மின்செருகிக்கும் பவர். இதைக் கொண்டுபோய்ப் பாடநூலில் வைத்தால் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'பவர்' என்பது வலு. ஆற்றலுக்கு அங்கே சக்தி. சட்டத்தில் ஒருவருக்குள்ள அதிகாரத்தைத் 'தத்துவம்' என்கிறார்கள். நாம் பொது அதிகாரப் பத்திரம் என்பது அங்கே அற்றோணித் தத்துவம். அவர்களுக்கு அவர்கள் வழக்கு. அதில் தவறேதும் இல்லை. இயற்பியலுக்கு 'வலு' மிகப் பொருத்தமான சொல் என்றே நான் நினைக்கிறேன். குறுகியது, பயனுறுதிறனோடும் தொழில்திறனோடும் மோதாது. தவறு எங்கே என்றால், இரு நாட்டு வழக்குகளையும் எது எங்கே என்று குறிக்காமல் ஒரே பட்டியலில் கொட்டுவதில். இப்போது இயந்திர மொழிபெயர்ப்புகள் வேறு இந்தக் கலவையை எல்லாத் திரைகளிலும் பரப்பிக்கொண்டிருக்கின்றன. ஒரே பக்கத்தில் சக்தி, வலு, ஆற்றல், திறன் நான்கும் ஒரே பொருளில் வருவதைப் பார்க்கிறேன். தமிழில் அறிவியல் படிக்க முடியாது என்று சொல்வோருக்கு நாமே சான்று தயாரித்துக் கொடுக்கிறோம். தமிழ்வழிக் கல்வியைப் பற்றி மேடைகளில் பேசுவோர் இந்த ஒரு பதிவைத் திருத்த நேரம் ஒதுக்கியிருந்தால், என் மாணவி அந்த மதிப்பெண்ணை இழந்திருக்க மாட்டாள்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டும். உங்கள் பணி எளிதன்று என்பதை அறிவேன். பல துறை அறிஞர்களை ஓர் இடத்தில் அமர்த்தி ஒரு சொல்லில் உடன்பட வைப்பது பெரும்பாடு. நீங்கள் தந்த எத்தனையோ சொற்களை நன்றியோடு வகுப்பில் ஆண்டுவருகிறேன்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். துறைக்கு ஒரு சொல், சொல்லுக்கு ஒரு வாக்கியம். இயற்பியலில் திறன் அல்லது வலு, இரண்டில் எதுவானாலும் ஒன்றை முடிவுசெய்யுங்கள். 'எஃபிஷியன்சி'க்கு எதிரே பயனுறுதிறன் என்று மட்டும் இருக்கட்டும். வெறும் திறனை அங்கிருந்து நீக்கிவிடுங்கள். லென்சுக்கும் புள்ளியியலுக்கும் தனித்தனிச் சொல் தாருங்கள். இலங்கை வழக்கு என்றால் அப்படியே குறிப்பிடுங்கள். வினாத்தாள் மொழிபெயர்ப்பை அச்சுக்கு முன் அந்தப் பாடத்தைத் தமிழில் கற்பிக்கும் ஒருவர் படிக்க வேண்டும் என்று தேர்வு நடத்துவோருக்கு நீங்கள் பரிந்துரைக்கலாம். உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. தமிழ் வாக்கியம் தன்னளவில் தெளிவாக இருந்து, அதன்படி விடை சரியாகவும் இருந்தால், மதிப்பெண் தர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இயற்பியல் பகுதிக்கான வரைவை எழுதித் தர நானும் என் சக ஆசிரியர்களும் அணியமாக இருக்கிறோம். ஊதியம் வேண்டாம்; பெயர் போடவும் வேண்டாம். அடுத்த பதிப்பு எப்போது அச்சுக்குப் போகிறது என்பதை மட்டும் தெரிவியுங்கள். அதற்கு முன்பே அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தமிழ்வழி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்