நரகத்தின் அதிபதியா, தண்டனைக்குக் காத்திருப்பவனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழுந்துபோன தூதர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஆன்மிக இணைப்பில் வந்த கட்டுரை, சாத்தானை 'நரகத்தின் அதிபதி' என்று குறிப்பிடுகிறது. கடவுளை எதிர்த்துத் தோற்ற அன்றே அவன் அங்கே தள்ளப்பட்டான், அதுமுதல் பாவிகளை வாட்டி வருகிறான் என்றும் சொல்கிறது. பலரும் நம்பும் சித்திரம்தான். ஆனால் வேதாகமத்திலோ பெரிய திருச்சபைகளின் விசுவாச அறிக்கைகளிலோ இது கிடையாது. அங்கே அவன் சிறைக்கு அதிகாரி அல்ல. தண்டனை நிறைவேறக் காத்திருக்கும் குற்றவாளி. இந்த இடம் பிசகினால் நியாயத்தீர்ப்பைப் பற்றிய போதனை முழுவதும் பிசகிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

'அதிபதி' என்ற பட்டத்தையே எடுத்துக்கொள்வோம். யோவான் நற்செய்தி அதை மூன்று இடங்களில் (12:31, 14:30, 16:11) அவனுக்குக் கொடுக்கிறது. மூன்றிலும் 'இந்த உலகத்தின் அதிபதி' என்றுதான் இருக்கிறது. யோபு நூலில் அவன் பூமியெங்கும் சுற்றி உலாவி வந்ததாகத் தானே சொல்கிறான். 1 பேதுரு 5:8 அவனைக் கெர்ச்சிக்கிற சிங்கம்போல் வகைதேடிச் சுற்றித்திரிபவனாகக் காட்டுகிறது. நரகத்தில் அடைபட்டவன் சுற்றித்திரிய முடியாது. மத்தேயு 25:41 நித்திய அக்கினியை 'பிசாசுக்காகவும் அவன் தூதர்களுக்காகவும்' ஆயத்தம்பண்ணப்பட்டது என்கிறது. அவன் அதில் போய்ச் சேருவதை வெளிப்படுத்தின விசேஷம் 20:10 எதிர்காலத்துக்குரியதாகச் சொல்கிறது. அங்கேயும் வாதிக்கப்படுகிறவன் அவனே, வாதிக்கிறவன் அல்ல. பன்றிக்கூட்டத்துக்குள் போக அனுமதி கேட்ட பிசாசுகள் 'காலம் வருமுன்னே எங்களை வேதனைப்படுத்த இங்கே வந்தீரோ' என்று இயேசுவிடம் அலறியதை மத்தேயு 8:29 பதிவு செய்கிறது. தங்கள் வழக்கின் நிலை அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

வேதம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் வெளிப்படுத்தின விசேஷம் 9:11ஐ நீட்டுவார்கள். பாதாளத்தின் தூதனை 'ராஜன்' என்று அது அழைக்கிறதே, அபத்தோன், அப்பொல்லியோன் என்று பெயரும் தருகிறதே என்பார்கள். அவன் ராஜாவாக இருப்பது குழியிலிருந்து புறப்படும் வெட்டுக்கிளிகளுக்கு. மரித்தவர்களுக்கு அல்ல. அவற்றுக்கும் ஐந்து மாதமே தவணை. கொல்ல அனுமதி இல்லை. நெற்றியில் தேவனுடைய முத்திரை உள்ளவர்களைத் தொடவும் அனுமதி இல்லை. அபத்தோனும் சாத்தானும் ஒருவரே என்பதிலும் விளக்கவுரையாளர்கள் ஒத்துப்போகவில்லை. திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். மரணத்துக்கும் பாதாளத்துக்கும் உரிய திறவுகோல்கள் கிறிஸ்துவின் கையில் (1:18). ஆயிரம் வருடத்துக்குச் சாத்தானைக் கட்டிவைக்கும் தூதன் கையில் பாதாளத்தின் திறவுகோலும் சங்கிலியும் (20:1). 9ஆம் அதிகாரத்தில் விழுந்த நட்சத்திரத்துக்கும் திறவுகோல் 'கொடுக்கப்பட்டது'. அவனுக்கு அது சொந்தமில்லை.

அப்படியானால் இப்போதே கட்டுண்டிருக்கும் தூதர்கள் யார் என்ற கேள்வி நியாயமானது. 2 பேதுரு 2:4, யூதா 6 ஆகிய இரண்டு வசனங்களும் பாவம் செய்த தூதர்கள் சிலரைப் பற்றிப் பேசுகின்றன. அந்தகாரத்தில், சங்கிலிகளில், மகாநாளின் நியாயத்தீர்ப்புக்காக அவர்கள் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதுவும் விசாரணைக் காவல்தான். இறுதித் தண்டனை அல்ல. ஆகவே சுற்றித்திரிகிறவர்கள், அடைபட்டவர்கள் என்று இரண்டு கூட்டம். பலர் எழுதும்போது இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கட்டுரையிலும் அதுவே நடந்திருக்கிறது.

அடைபட்டவர்களின் குற்றம் என்ன என்பதற்கு ஆதியாகமம் 6:1-4ஐக் காட்டுவது பழைய வழக்கம். மனுஷகுமாரத்திகளை மணந்த 'தேவகுமாரர்' தூதர்களே என்று ஆரம்பகாலத் திருச்சபை எழுத்தாளர்களான ஜஸ்டினும் தெர்த்துல்லியனும் கொண்டார்கள். இல்லை, சேத்தின் வம்சத்து மனிதர்களே என்று ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் எழுதினார். அகுஸ்தீனும் மனிதர்கள் பக்கமே சாய்ந்தார். மேலைத் திருச்சபையில் பிறகு நிலைத்தது அந்தக் கருத்துதான். கட்டுரை 'வேதாகமம் கூறுகிறது' என்று சொல்லித் தரும் விவரங்களோ ஏனோக்கின் நூல் என்ற பழைய யூத நூலிலிருந்து வந்தவை: எர்மோன் மலையில் இறங்கிய, 'காவலாளர்கள்' என்று அந்நூல் அழைக்கும் 200 தூதர்கள், தலைவன் செமிகாசா, வாளும் கேடயமும் செய்யக் கற்றுக்கொடுத்த அசாசேல். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அதைத் தன் வேதத்தில் சேர்த்திருக்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்ட் சபைகளும் சேர்ப்பதில்லை. யூதா நிருபம் 14, 15 வசனங்களில் அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்தாள்வதால் முழு நூலும் வேதமாகிவிடாது. அந்த நூலும்கூடக் கட்டுரையின் கருத்துக்கு உதவாது என்பது வேறு விஷயம். அதிலும் காவலாளர்கள் 70 தலைமுறைக் காலம் கட்டிவைக்கப்படுகிறார்கள். அக்கினியில் தள்ளப்படுவது அதற்குப் பிறகு வரும் தீர்ப்பு நாளில்.

ஆதாமுக்கு முன்னே வானத்தில் போர் நடந்தது, மூன்றில் ஒரு பங்கு தூதர்கள் விழுந்தார்கள், அவர்கள் தலைவன் லூசிபர் என்ற கதை, தனித்தனியான மூன்று இடங்களைச் சேர்த்துத் தைத்தது. லூசிபர் என்ற பெயருக்கு ஏசாயா 14:12ஐ மேற்கோள் காட்டுபவர்கள் 4ஆம் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும். பாபிலோன் ராஜாவின்மேல் பாடும் பாட்டு அது என்று அங்கேயே இருக்கிறது. எசேக்கியேல் 28:12 தீருவின் ராஜாவைப் பற்றிய புலம்பல். ஒரிகேன் முதலான ஆரம்பகாலத் திருச்சபைப் பிதாக்கள் இவற்றுக்குள் சாத்தானின் வீழ்ச்சியைக் கண்டதுண்டு. அப்படி வாசிப்பதற்கு நெடிய மரபும் உண்டு. ஆனால் சீர்திருத்தவாதி கால்வின் தம் ஏசாயா விளக்கவுரையில் இந்த வாசிப்பை அறியாமையின் விளைவு என்றே தள்ளினார். மூன்றில் ஒரு பங்கு என்பது வெளிப்படுத்தின விசேஷம் 12:4இல் வலுசர்ப்பத்தின் வால் இழுத்த நட்சத்திரங்களின் கணக்கு. அதைத் தூதர்களின் எண்ணிக்கையாகக் கொள்வது விளக்கம்தான்; விழுந்தவர்கள் இத்தனை பேர் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. வலுசர்ப்பத்தோடு தூதன் மிகாவேல் செய்யும் போரும் அந்த அதிகாரத்தில், கிறிஸ்துவாகக் கொள்ளப்படும் ஆண்பிள்ளை பிறந்து சிங்காசனத்தினிடத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகே வருகிறது. வெளிப்படுத்தின விசேஷம் காலவரிசையில் எழுதப்பட்டதல்ல என்பது சரியே. ஆனாலும் போரைச் சிருஷ்டிப்புக்கு முன்னே வைப்பவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

தீர்ப்பின் வரிசையைக் கட்டுரை தலைகீழாகத் தந்திருக்கிறது. 20ஆம் அதிகாரத்தின்படி, சாத்தான் ஆயிரம் வருடம் கட்டப்படுகிறான், கொஞ்சக்காலம் அவிழ்த்துவிடப்படுகிறான், கோகு, மாகோகு என்னும் ஜாதிகளைத் திரட்டுகிறான், வானத்திலிருந்து அக்கினி விழுகிறது, அவன் அக்கினிக்கடலில் தள்ளப்படுகிறான். அவனுடைய கூட்டாளிகளான மிருகமும் கள்ளத்தீர்க்கதரிசியும் அதற்கு முன்பே (19:20) அங்கே போய்விட்டார்கள். பெரிய வெள்ளைச் சிங்காசனம் அதன்பிறகுதான். புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன, சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கிறது, மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலில் தள்ளப்படுகின்றன, கடைசியில் ஜீவபுஸ்தகத்தில் பெயர் இல்லாதவர்கள். ஆயிரம் வருடத்தை நேர்ப்பொருளில் கொள்ளலாமா, அகுஸ்தீன் கொண்டதுபோலத் திருச்சபையின் காலம் என்று கொள்ளலாமா என்பதில் சபைகள் பிரிந்து நிற்கின்றன. மனிதர்கள் கடைசியாக நியாயந்தீர்க்கப்படும்போது சாத்தான் ஏற்கெனவே தண்டனை பெற்றவன் என்பதே அந்த அதிகாரம் தரும் வரிசை. சீர்திருத்தச் சபைகள் பின்பற்றும், 1646இல் முடிந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் தன் 33ஆம் அதிகாரத்தில், விசுவாசதுரோகம் செய்த தூதர்களின் தீர்ப்பை வரப்போகும் நாளுக்குரியதாகவே வைக்கிறது.

விழுந்த தூதர்களுக்கு ஏன் மன்னிப்பு இல்லை என்ற பகுதிதான் கட்டுரையில் மிகவும் மெலிந்தது. 'கடவுளின் கோபம்' என்ற இரண்டு சொல்லோடு முடித்திருக்கிறார்கள். கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் 393ஆம் எண், கடவுளின் இரக்கத்தில் குறை இல்லை, அவர்கள் செய்த தேர்வு மீளமுடியாத தன்மையுடையது என்கிறது. பழைய கீழைத் திருச்சபையின் இறையியலாளர் தமஸ்கு யோவான் இதை மனிதனின் மரணத்தோடு ஒப்பிட்டார்: மரணத்துக்குப் பின் மனிதருக்கு மனந்திரும்புதல் இல்லாததுபோல, வீழ்ச்சிக்குப் பின் தூதருக்கும் இல்லை. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் காரணத்தை அறிவின் இயல்பில் தேடினார். மனிதன் படிப்படியாக ஆராய்ந்து முடிவெடுக்கிறான், அதனால் மனம் மாற இடமிருக்கிறது. தூதனோ ஒரே பார்வையில் முழுவதையும் அறிந்து தேர்ந்தெடுக்கிறான், பிறகு அவனை மாற்றக்கூடிய புதுச் செய்தி எதுவும் வராது. ஒரிகேன் எல்லாமே இறுதியில் சீர்படும் என்ற திசையில் யோசித்தார். பேய்களின் தண்டனை ஒருநாள் முடிந்துவிடும் என்ற கருத்தை 543இல் ஜஸ்டினியன் பேரரசரின் ஆணை கண்டித்தது.

சாத்தானுக்குத் தனி ராஜ்யம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் திருச்சபை ஒருமுறை பார்த்துவிட்டது. தீமைக்கும் கடவுளுக்கு நிகரான ஒரு மூலம் உண்டு என்று ஐரோப்பாவில் 'காத்தார்' என்ற குழுவினர் போதித்த காலத்தில், 1215இல் நான்காம் லாத்தரான் சங்கம் தன் முதல் அறிக்கையிலேயே அதற்குப் பதில் சொன்னது. பிசாசும் மற்றப் பேய்களும் கடவுளால் இயல்பில் நல்லவையாகப் படைக்கப்பட்டன, தாங்களாகவே தீயவை ஆயின என்பது அதன் வாசகத்தின் சாரம். இடைக்கால ஓவியங்களில் பேய்கள் கவைக்கோலோடு நின்று வாட்டுவது உண்மைதான். இறையியலாளர்களில் சிலரும் தண்டனையை நிறைவேற்றும் வேலையை அவற்றுக்கு ஒதுக்கினார்கள். அந்த வேலையையும் அவை தண்டனை அனுபவித்துக்கொண்டேதான் செய்தன.

நியாயாசனத்தில் யார் உட்காருவார்கள் என்பதையும் கட்டுரை தொடவில்லை. 'தேவதூதர்களையும் நியாயந்தீர்ப்போமென்று அறியீர்களா?' என்று 1 கொரிந்தியர் 6:3இல் பவுல் கேட்கிறார். சகோதரர் மேல் சகோதரர் வழக்குப் போட்டு வெளி நீதிமன்றத்துக்குப் போவதைக் கண்டிக்கும்போது போகிறபோக்கில் எழுதிய வரி அது. தூதர்களின் தீர்ப்பில் விசுவாசிகளுக்கும் பங்குண்டு என்று அது எடுத்துக்கொள்கிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'நரகத்தின் அதிபதி' என்ற தலைப்பையும் தீர்ப்பின் வரிசையையும் திருத்தி, ஏனோக்கின் நூலிலிருந்து எடுத்தவற்றை அந்தப் பெயரிலேயே குறிப்பிட்டு, ஒவ்வொரு கூற்றுக்கும் அதிகார வசன எண்ணைச் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்