லென்ஸோடு வந்த ஹுட் லென்ஸில் நிற்கவில்லை: மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்
உரிமையாளர்,
புகைப்பட ஸ்டுடியோ,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
லென்ஸ் நிறுவனத்தின் இந்திய அலுவலகம்.

பொருள்: 24-70 மி.மீ. லென்ஸின் ஹுட் பொருந்தாதது – சரியான ஹுட் தருவது – இரண்டாவது ஹுட்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கிருஷ்ணகிரியில் கல்யாண ஃபோட்டோ எடுப்பது என் தொழில். போன ஆவணியில் உங்கள் நிறுவனத்தின் 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸைப் பில்லோடு புதிதாக வாங்கினேன். கண்ணாடியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூர்மையும் நிறமும் கொடுத்த காசுக்குத் தகும். குறை, பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க அதன் முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் ஹுட்டில்தான். பெட்டியின் மேல், உள்ளே இருப்பவை என்று அச்சிட்ட பட்டியலில் லென்ஸுக்கு அடுத்தபடியாக இந்த ஹுட்டும் அதன் எண்ணும் இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. உங்கள் சர்வீஸ் சென்டர் இதுவரை சொன்ன பதிலெல்லாம் "ஹுட் ஒரு ஆக்சஸரி" என்பதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

ஹுட்டை லென்ஸின் முன் வளையத்தில் வைத்துத் திருகினால், அதன் உள்விளிம்பில் இருக்கும் சிறு மேடு வளையத்தின் குழியில் விழுந்து க்ளிக் என்று நிற்க வேண்டும். என்னுடையதில் அந்தச் சத்தமே கிடையாது. கடைசிவரை திருகினால் முட்டி நிற்கும், விரல் பட்டால் திரும்பி வந்துவிடும். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு நாலு எட்டு வைத்தால் சட்டைப் பொத்தானில் உரசி நகர்ந்துவிடும். வாங்கிய கடையில் காட்டினேன். "போகப் போக செட் ஆயிடும் சார்" என்றார்கள். பிளாஸ்டிக் தேயத் தேய இன்னும் லூஸாகுமே தவிர இறுகுமா?

ஹுட் கொஞ்சம் ஆடினால் என்ன என்று உங்கள் ஆட்கள் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இது இதழ் வடிவ ஹுட். மேலும் கீழும் நீள இதழ், பக்கவாட்டில் குட்டை இதழ், நான்கு மூலைக்கும் நேரே வெட்டு. இந்த வெட்டு அழகுக்காக வைத்தது அல்ல. ஜூமை மிக அகலமாக, 24 மி.மீ.யில் வைத்தால் லென்ஸ் மூலைக்கு மூலை 84 டிகிரி பார்க்கிறது. 70-க்குப் போனால் 34 டிகிரிதான். அகலமாக எடுக்கும்போது மூலைகள்தான் மிகச் சாய்வாக வெளியே பார்க்கின்றன, அந்த இடத்தில் பிளாஸ்டிக் குறுக்கே வரக் கூடாது. ஹுட் திரும்பிவிட்டால் நீள இதழ்கள் இரண்டும் எதிரெதிர் மூலைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பர்கூர் பக்கம் ஒரு மண்டபத்தில் அதுதான் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் மேடையில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக நின்றார்கள். கூட்டத்தில் முன்னும் பின்னும் போய் வந்ததில் யார் கையோ ஹுட்டில் பட்டிருக்கிறது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை, எஃப் 8-க்குச் சுருக்கி, ஃப்ளாஷ் அடித்து எடுத்த படம். அப்பர்ச்சர் திறந்திருந்தால் மூலையில் லேசாக மங்கியிருக்கும், கம்ப்யூட்டரில் தேற்றிவிடலாம். எஃப் 8-இல் ஹுட்டின் ஓரம் அப்படியே கோடாக விழுந்துவிட்டது. மேலே வலது மூலையில் ஒரு கறுப்பு முக்கோணம், கீழே இடது மூலையில் இன்னொன்று. வலது ஓரத்தில் பின்வரிசையில் நின்றவர் தாய்மாமன். அவர் தலைப்பாகையும் நெற்றியும் இருட்டுக்குள் போய்விட்டன. கீழ் மூலையில் உட்கார்ந்திருந்த குழந்தைக்குக் கால் இல்லை. ஓரத்தை வெட்டலாம் என்றால் தாய்மாமனையே வெட்ட வேண்டும். எங்கள் பக்கம் தாய்மாமன் இல்லாத குடும்பப் படத்தை ஆல்பத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் மீதிப் பணம் வாங்க முடியுமா? அந்தத் தாளுக்கு நான் காசு வாங்கவில்லை.

"அப்படின்னா ஹுட் இல்லாம எடுங்க சார்" என்று போனில் ஒருவர் யோசனை சொன்னார். அவர் எங்கள் ஊர் மண்டபத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. மணவறைக்குப் பின்னால் சீரியல் லைட், பக்கத்தில் வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட், எதிரே எல்இடி திரை. சாய்வாக வரும் வெளிச்சம் முன் கண்ணாடியில் பட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடிகளுக்குள் மாறி மாறிப் பிரதிபலித்தால் படம் முழுவதும் வெள்ளைப் பனி படிந்த மாதிரி வெளுத்துவிடும். மெரூன் பட்டு ரோஸ் கலரில் தெரியும். ஹுட்டைக் கண்டுபிடித்ததே இதைத் தடுக்கத்தானே?

அப்புறம் தை மாதம். பொங்கலை ஒட்டி எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். காலை வெயில் தாழ்வாக, நேரே முகத்தில் அடிக்கிற நேரம். தடுப்புக்கு வெளியே நின்று குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஹுட் தானாகக் கழன்று ஓடுபாதைக்குள் விழுந்துவிட்டது. மாடு வருகிற பாதையில் யாரும் கை நீட்ட மாட்டார்கள். மாடுகள் போய் முடிந்த பிறகு ஒரு தம்பி புழுதியோடு எடுத்துக் கொடுத்தார். ஒரு இதழின் நுனி நசுங்கி, ஓரமெல்லாம் கீறல். இதைத்தான் பெங்களூரில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "வெளிச் சேதம் இருக்கு, வாரண்டியில வராது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஹுட் கழன்றதால் கீறல் விழுந்ததா, கீறல் விழுந்ததால் ஹுட் கழன்றதா? கடையில் சொன்னதும், கீழே விழுவதற்கு முன்பே உங்களுக்கு நான் அனுப்பிய மின்னஞ்சலும் எது முதலில் நடந்தது என்பதைக் காட்டும். நகல் இணைத்திருக்கிறேன்.

சரி, தொழில் நிற்கக் கூடாது என்று அவர்களிடமே காசு கொடுத்துப் புது ஹுட் வாங்கினேன். அதே எண், உங்கள் ஒரிஜினல் டப்பா. அது நேர் எதிர். மாட்டவே தனியாகத் தெம்பு வேண்டும். மாட்டினால் கழற்ற முடியவில்லை. இந்த லென்ஸில் ஜூம் செய்யும்போது முன்குழாய் வெளியே நீளும் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஹுட்டைப் பலங்கொண்ட மட்டும் திருகினால் அந்த முறுக்கமெல்லாம் அந்தக் குழாயில்தான் ஏறும். இருபது ரூபாய் பிளாஸ்டிக்குக்காக உள்ளே இருக்கும் கண்ணாடி கோணலாவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

லென்ஸின் வளையத்தில்தான் கோளாறு என்று நீங்கள் சொல்லக்கூடும். அதையும் பார்த்துவிட்டேன். காவேரிப்பட்டினத்தில் தொழில் செய்யும் நண்பரிடம் இதே லென்ஸ் இருக்கிறது. அவருடைய ஹுட் என் லென்ஸில் க்ளிக் என்று உட்கார்ந்தது, அசைத்தாலும் அசையவில்லை. என் பழைய ஹுட் அவருடைய லென்ஸிலும் ஆடியது. புதிய ஹுட் அவருடையதிலும் இறுகியது. ஆக, லென்ஸ்கள் இரண்டும் சரி, ஹுட்கள்தான் ஆளுக்கொரு அளவில் வந்திருக்கின்றன. மூன்றையும் வரிசையாக மாட்டி எடுத்த வீடியோவை அனுப்புகிறேன்.

ஓசூரில் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் வேலை செய்யும் என் மச்சானிடம் இரண்டு ஹுட்டையும் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: இந்த மாதிரி உறுப்புகளுக்கு அதிகம் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அச்சிலிருந்து வந்து ஆறும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். 90 மி.மீ. வட்டத்தில் அது அரை மி.மீ.க்குக் கிட்டே. அச்சு செய்யும்போதே இதைக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் அச்சின் சூடும், உள்ளே செலுத்தும் அழுத்தமும், ஆறவிடும் நேரமும் மாறினால் சுருக்கமும் மாறும். க்ளிக் என்று விழ வேண்டிய மேட்டுக்கு அதில் பாதி வித்தியாசமே போதும், ஒன்று லூஸாகும், இல்லாவிட்டால் இறுகும். பெட்டியில் போடும் முன் ஒரு லென்ஸில் மாட்டிப் பார்த்திருந்தால் இரண்டுமே அங்கேயே நின்றிருக்கும் என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கடைசியாக உங்கள் ஆட்கள் சொன்ன தீர்வு, "டேப் ஒட்டிக்குங்க." அந்த வைத்தியம் எங்களுக்குத் தெரியாததல்ல. ஹுட்டின் உள்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பற்களின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மெல்லிய துண்டாக வெட்டி ஒட்டினால் இறுகும். அல்லது அந்தச் சிறு மேட்டின் மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் காயவிடுவார்கள். குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பையும் சிலர் வைப்பார்கள். அது பசை விடாது, ஆனால் சீக்கிரம் கிழியும். மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் டூப்ளிகேட் ஹுட்டுக்கு இதெல்லாம் சரி. என் ஹுட்டிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டித்தான் பார்த்தேன். சித்திரை வெயிலில், பூட்டிய காருக்குள் கேமரா பை இருந்த அன்று, பசை உருகி ஓரத்தில் கசிந்து, லென்ஸ் வளையத்தின் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. அதில் புழுதி ஒட்டிக்கொண்டு கறுப்பாக, பிசுபிசுவென்று ஆகிவிட்டது. பல்குச்சியில் துணி சுற்றித் துடைத்து எடுத்தேன். இனி உங்கள் லென்ஸின் மேல் நான் எந்த டேப்பும் ஒட்டுவதாக இல்லை.

எனவே நான் கேட்பது இவை. என் லென்ஸில் மாட்டிப் பார்த்து, க்ளிக் விழுகிறதா என்று சோதித்த ஒரு ஹுட்டை இலவசமாகத் தர வேண்டும். இறுகிப்போன இரண்டாவது ஹுட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அதற்கு வாங்கிய முழுப் பணத்தையும் தர வேண்டும். முன்குழாயில் ஏதாவது ஆட்டம் வந்திருக்கிறதா என்று பரிசோதித்து எழுத்தில் சொல்ல வேண்டும். போக வர கூரியர் செலவு உங்களுடையது. "வெளிச் சேதம்" என்று எழுதிய அந்தச் சீட்டையும் ரத்து செய்ய வேண்டும். நாளை லென்ஸில் வேறு ஏதாவது பழுது வந்தால் அதைக் காட்டி வாரண்டியை மறுக்கக் கூடாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் அலுவலகம் இருக்கும் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

லென்ஸை உங்களிடம் அனுப்ப வேண்டுமென்றால் ஆடியில் கேளுங்கள், அப்போது முகூர்த்தம் கிடையாது. ஆனி முழுக்க எனக்கு அது தேவைப்படும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் லென்ஸும் ஹுட்டும் சேர்ந்து என் கைக்கு வந்துவிட வேண்டும்.

இடம்: கிருஷ்ணகிரி
நாள்: 9.6.2025

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்

இணைப்பு: லென்ஸ் பில் நகல், இரண்டாவது ஹுட்டின் பில் நகல், சர்வீஸ் சென்டர் சீட்டு, முந்தைய மின்னஞ்சல், பெட்டியின் பட்டியலைக் காட்டும் படம், மூலை கறுத்த குடும்பப் படம் (முகங்கள் மறைக்கப்பட்டது), வீடியோ அடங்கிய பென் டிரைவ்.